வாளின் பின்புறம்

நம் கல்லூரியின் விழா மலருக்குப் பழைய மாணவர் பலரும் தத்தம் மைதான வெற்றிகளையும் விடுதிச்சாலைக் குறும்புகளையும் எழுதியனுப்புவர் என்பது திண்ணம். பந்தடியிலோ நாடகத்திலோ பெயர் பெறாத எமக்கு எழுதத்தக்கதாக ஒன்றே உண்டு. அஃது எம் கொப்பியின் ஓரத்தில் பௌதிக ஆசிரியர் சிவப்பு மையால் எழுதிய ஒரு வினா. அவ்வினாவுக்கு உரிய காலத்தில் யாம் விடை தேடவில்லை. அதனால் நேர்ந்ததனையும், பின்னர் செய்ததனையும் இம்மலரின் பக்கங்களில் பதிவு செய்ய விழைகின்றோம்.

எமது ஊர் மஸ்கெலியா. அட்டனிலிருந்து நோர்வூட் வழியாகச் சென்று, சிவனொளிபாதமலை கண்ணெதிரே நிமிர்ந்து நிற்கும் பள்ளத்தாக்கிலே இறங்கினால் அன்றிருந்த பட்டினம் வரும். களனி கங்கைக்கு நீர் சேர்க்கும் மஸ்கெலியா ஓயா அதன் அருகே ஓடிற்று. கடைவீதியின் கீழ்முனையில், ஓயாவைப் பார்த்தபடி, எம் தந்தையாரின் மரக்காலை இருந்தது. சுற்றியிருந்த தோட்டங்களுக்குக் கதவுப் பலகை, கூரைச் சலாகை, லயன் காம்பிராக்களுக்கு வேண்டிய சட்டம் ஆகியன அங்கே அரியப்பட்டன. தேயிலைப் பெட்டிகள் ஒட்டுப்பலகையாலானவை. அவை வேறிடத்திலிருந்து வந்தன. அப்பெட்டிகளின் உள்மூலைகளிலே ஆணி அடித்து இறுக்கும் மெல்லிய சட்டங்களில் ஒரு பங்கு மட்டும் எம் மரக்காலையில் உருவாயிற்று.

வந்த மரம் பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று சவுக்கு. வடபகுதி அன்பர்கள் சவுக்கு என்றவுடன் கடற்கரை மணலில் நிற்கும் மரத்தை நினைத்தல் கூடும். மலைநாட்டார் சவுக்கு என்பது அவுஸ்திரேலியாவிலிருந்து கொணர்ந்து தேயிலைக்கு நிழலாகவும் காற்றுக்குத் தடையாகவும் நட்ட கிரெவில்லியா மரத்தையே. அதன் தூள் சிலருக்கு உடலெங்கும் தினவு தரும். எம் அன்னையார் எம் சட்டையை வாசலிலேயே உதறச் சொல்வார். மற்றையது கருப்பந்தைலம் என்று தோட்டத்தார் வழங்கும் யூக்கலிப்டஸ். இதுவும் அவுஸ்திரேலிய மரமே. இவ்விரண்டின் குணமும் வேறு வேறு. அவ்வேற்றுமையை அறியாதவன் வாள்முன் நிற்றல் தகாது என்பதனை யாம் பின்னரே அறிந்தோம்.

யந்திரம் ஒரு வட்டவாள். இருப்பு மேசை, அதன் நடுவே பிளவு, பிளவினூடே மேலெழும் 24 அங்குல விட்டமுள்ள வாள். ஒரு தோட்டத்தில் ஏலம் போட்டபோது தந்தையார் வாங்கியது. டீசல் இயந்திரம் ஒன்று நீண்ட வார்ப்பட்டியால் அதனைச் சுழற்றிற்று. வாள் முன் நின்றவரை ஊரார் அனைவரும் 'வாள் பாஸ்' என்றே அழைத்தனர். யாம் 'பாஸண்ணே' என்போம். இந்தியாவிலிருந்து வந்தவரின் பேரன், லயத்திற் பிறந்தவர், எழுத்தறிவு சிறிது, மரத்தறிவு பெரிது. பலகையின் முனையைத் தட்டி ஓசை கேட்டே அது எப்பக்கம் வளையும் என்று கூறுவார்.

வட்டவாள் புதிதன்று. 1777இல் இங்கிலாந்தைச் சேர்ந்த சாமுவேல் மில்லர் என்பவர் அதற்கு உரிமைச் சாசனம் பெற்றார். 1806இல் மார்க் புருணேல் மெல்லிய பலகைகளை அரிவதற்கெனத் தனி வாள் அமைத்தார். எனினும் எம் மலைகளில் இருவர் மேலும் கீழுமாக நின்று இழுத்த குழிவாள் நெடுங்காலம் வாழ்ந்தது. எம் பாட்டனார் குழியின் கீழ் நின்றவர். மேலே நின்றவனுக்கு வெயில், கீழே நின்றவனுக்குக் கண்ணில் தூள் என்று அவர் நகைப்பாராம்.

1965ஆம் ஆண்டு மார்கழி விடுமுறையில் ஊர் திரும்பியபோது எம் தலை நிறையப் பௌதிகம் இருந்தது. சுழல்வேகம், கப்பிகளின் விகிதம் என்பவற்றைப் புதிதாகக் கற்றிருந்தோம். கற்றதனைக் காட்ட மரக்காலையே வாய்த்தது. அப்போது வாள் நிமிடத்துக்கு 1200 முறை சுழன்றது. வாளின் தண்டிலிருந்த 10 அங்குலக் கப்பியை அகற்றி 8 அங்குலக் கப்பியை மாட்டினால் 1500 முறை சுழலும் என்று கணக்கிட்டுக் காட்டினோம். வாளின் சுற்றளவு ஏறக்குறைய ஆறேகால் அடி. ஆதலின் விளிம்பிலுள்ள பல்லொன்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 9,400 அடி ஓடும். அஃதாவது மணிக்கு 107 மைல். தந்தையார் கொப்பியைப் பலமுறை பார்த்தார். அணைக்கட்டு வேலைகள் நடந்த காலமாதலின் பலகைக்குத் தட்டுப்பாடு இருந்தது. கேட்டோர்க்குக் கொடுக்க முடியவில்லை. அவர் நோர்வூட்டில் ஒரு பழைய கப்பியைத் தேடி வாங்கினார். வாளின் ஓசை உயர்ந்தது. நாளொன்றுக்கு அரிந்த பலகைகளின் தொகையும் உயர்ந்தது. யாம் அடைந்த பெருமிதத்துக்கு அளவில்லை.

தையில் கல்லூரி திறந்ததும் விஞ்ஞானச் சங்கத்துக்கென 'எமது ஊரில் ஒரு யந்திரத் திருத்தம்' என்ற கட்டுரையை எழுதி ஆசிரியரிடம் நீட்டினோம். கணக்குகள் பிழையின்றி இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சரி இட்டிருந்தார். இறுதிப் பக்கத்தின் ஓரத்தில் மட்டும் சிவப்பு மையில் ஒரு வரி இருந்தது. பலகை அரிபட்டபின் வாளின் பின்புறத்தில் அதற்கு யாது நிகழ்கிறது என்று கேட்டிருந்தார். அரிதல் முன்புறத்திலேதான் நடைபெறுகிறது. பின்புறத்தில் என்ன இருக்கிறது என்று எமக்குள் முனகினோம். அடியில், 'ஒன்றும் நிகழ்வதில்லை' என்று எழுதிக் கொடுத்தோம். அவர் அதனை வாசித்துவிட்டு எதுவும் கூறாது கொப்பியைத் திருப்பித் தந்தார். பாராட்டை எதிர்பார்த்த எமக்கு அம்மௌனம் சினத்தையே மூட்டியது.

சித்திரை விடுமுறையில் அவ்வினா மீண்டும் நினைவுக்கு வந்தது. ஒருநாள் மதிய உணவின்பின் பாஸண்ணேயிடம் அதனைக் கேட்டோம். அவர் எம்மை ஒருமுறை வியப்புடன் நோக்கினார். "அந்த வாத்தியாரு வாள்ல வேலை செஞ்சவரா, தம்பி?" என்றார். பின்னர் வாளைக் கையால் மெல்லச் சுழற்றிக் காட்டினார். முன்புறப் பற்கள் மேலிருந்து கீழே இறங்கிப் பலகையை மேசையோடு அழுத்துகின்றன. அதே பற்கள் மேசைக்குக் கீழே போய், பின்புறத்தில் மேல்நோக்கி எழுகின்றன. அரிபட்ட பலகையின் இரு பாதிகளும் ஒன்றையொன்று நெருங்கி வாளைக் கவ்வினால், எழும் பற்கள் பலகையைத் தூக்கி, வாள்முன் நிற்பவனை நோக்கி எறியும். "முன்னாடி பல்லு மரத்தைத் திங்கும். பின்னாடி பல்லு ஆளைத் திங்கும்" என்றார். அதனாற்றான் வாளுக்குப் பின்னே ஒருவன் நின்று, பலகையின் பிளவு சற்று நீண்டவுடன் ஒரு மர ஆப்பை அதில் செருகிக்கொண்டே வருகிறான் என்றும் விளக்கினார். அவ்வாப்பை யாம் சிறுவயது முதல் கண்டிருக்கிறோம். பலகை ஆடாதிருக்கச் செருகுவதாகவே எண்ணியிருந்தோம்.

ஆப்பு செருகுவோன் அந்நாட்களில் தன் ஊருக்குப் போயிருந்தான். அவனிடத்தில் யாமே நின்றோம்.

ஒரு தோட்டத்திலிருந்து சவுக்குப் பலகைகள் வந்திருந்தன. ஓர் அங்குலக் கனமுடையவை. உட்கூரைக்காக ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிளக்க வேண்டும். மஸ்கெலியாவின் மழையில் பலகை தானாக உலர்தல் அரிது. ஆகவே தேயிலை உலர்த்தும் அடுப்பின் மேற்புறத்தில் அடுக்கி விரைவில் உலர்த்தி அனுப்பியிருந்தனர். பார்வைக்கு நல்ல பலகைகள். அவ்வாறு அவசரமாக உலர்ந்த பலகையின் உட்புறத்தில் நிகழ்வதனை இங்கே கூறுதல் வேண்டும். வெளிப்புறம் முதலில் உலர்ந்து, சுருங்க முயன்று, ஈரமான உள்மரம் விடாமையால் இழுபட்ட நிலையிலேயே இறுகிவிடும். பின்னர் உள்மரம் உலரும்போது அது சுருங்க வேண்டும். இறுகிய வெளிப்புறம் இடங்கொடாது. எனவே பலகையின் நடு, நாண் ஏற்றிய வில்லைப் போல இழுபட்டு நிற்கும். அதனை நடுவே பிளந்தால் அவ்விழுப்பு விடுபட்டு, இரு பாதிகளும் அரிந்த முகத்தை நோக்கி வளையும். அதாவது வாளைக் கவ்வும்.

ஏழாவது பலகையோ எட்டாவதோ நினைவில் இல்லை. வேகம் கூடியபின் பலகைகள் முன்னிலும் விரைவாக வந்தன. ஆப்பைப் பிடுங்கி அடுத்த பலகையில் செருகுவதற்குள் எமக்கு மூச்சு வாங்கிற்று. ஒரு பலகையின் பிளவில் ஆப்பை வைத்தோம். அது நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தோம். தலை நிமிருமுன் வாளின் ஓசை மாறியது. பலகை மேசையை விட்டு எழுந்ததைக் கண்டோம். அது போனதைக் காணவில்லை. அது பாஸண்ணேயின் விலாவில் மோதிப் பின்சுவரில் விழுந்தது. பலகையை அழுத்தியிருந்த அவருடைய இடக்கை, பலகை அகன்றவுடன் வாளின்மேல் விழுந்தது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் போயின.

வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றதனையும், அன்றிரவு தந்தையார் உண்ணாதிருந்ததனையும் விரிக்க விரும்பவில்லை. மறுநாள் யாம் எம் கொப்பியைத் தந்தையாரிடம் காட்டி, சிவப்பு மையிலிருந்த வினாவையும் எம் விடையையும் வாசித்தோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "கப்பியை மாற்றியது நான் தானே, தம்பி" என்றார். அச்சொல் எம்மைத் தேற்றவில்லை. ஒன்று மட்டும் நியாயத்துக்காகக் கூறுவோம். 9,400 அடி என்பது அவ்வாளுக்கு ஒவ்வாத வேகமன்று. அத்தகைய வாள்களுக்கு ஏறத்தாழ 10,000 அடி வரை பொருந்தும் என்பது நெடுநாள் வழக்கு. ஆயினும் வேகம் 1200இலிருந்து 1500 ஆனால், சுழலும் வாளிலுள்ள சக்தி ஒன்றரை மடங்கிற்கும் மேலாகிறது. ஆப்பு செருகுபவனின் கைகள் மட்டும் முன்போலவே இருந்தன. எம் கணக்கில் அக்கைகளுக்கு இடம் இருக்கவில்லை.

ஆவணி விடுமுறை வருமளவும் மரக்காலையில் பிளக்கும் வேலை நின்றிருந்தது. யாம் ஊர் வந்தபோது பாஸண்ணே ஒரு கையால் சிறுவேலைகள் செய்துகொண்டிருந்தார். ஆப்பை ஓர் ஆளின் கையில் விடாது யந்திரத்திலேயே பொருத்த இயலாதா என்பதே எம் மூவருடைய பேச்சாயிற்று. கடைவீதிக் கொல்லரை அழைத்து வந்தோம். அவர் மேசையின் அடியில் படுத்து, விளக்கைப் பிடித்துப் பார்த்தார். பார்த்தவர், "இந்த ரெண்டு துளை எதுக்கு?" என்று கேட்டார்.

வாளின் பின்புறத்தில், இருப்புச் சட்டத்தில், மரையிட்ட இரண்டு துளைகள் இருந்தன. அவற்றில் ஒன்றில் கம்பி கோத்து எண்ணெய்க் குப்பியைத் தொங்கவிட்டிருந்தோம். யந்திரம் வாங்கிய நாள் முதல் அக்குப்பி அங்கேதான் தொங்கிற்று. அத்துளைகளைச் செய்தவர் அங்கே எதையோ பொருத்தியிருக்க வேண்டும். எமக்கு முன் எவரோ அதனைக் கழற்றி எறிந்திருக்க வேண்டும். கொல்லர் குப்பியைக் கழற்றித் தந்தையாரிடம் கொடுத்தார். தந்தையார் அதனை வாங்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

என்ன பொருத்துவது என்பது கடினமாக இருக்கவில்லை. எவ்வளவு கனத்தில் என்பதே சிக்கல். வாளின் பற்கள் இடமும் வலமுமாகச் சிறிது வளைக்கப்பட்டிருப்பதால், வாள் வெட்டும் வாய் தகட்டைவிட அகன்றது. எம் வாளின் தகடு 12ஆம் கேஜ். வெட்டும் வாய் ஓர் அங்குலத்தைப் பதினாறாக்கியதில் 3 பங்கு. பின்னே நிற்கும் இரும்பு, தகட்டைவிடத் தடித்தும் வெட்டுவாயைவிட மெலிந்தும் இருக்க வேண்டும். தடிப்பு மிகுந்தால் பலகை அதில் முட்டி நிற்கும். குறைந்தால் பிளவு மூடுவதைத் தடுக்காது. தோட்டமொன்றில் உடைந்து கிடந்த 36 அங்குல வாள் ஒன்றின் தகடு 9ஆம் கேஜ் எனக் கண்டு, அதனையே கேட்டு வாங்கினோம். வாளுருக்கை அப்படியே வெட்ட இயலாது. கொல்லர் துருத்தியூதி அதனைச் சிவக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து ஓரிரவு ஆறவிட்டார். காலையில் அது அரத்துக்கு இணங்கிற்று. வாளின் வளைவுக்கு ஏற்ப முன்விளிம்பை வளைவாக அராவி, மேசைக்கு மேல் 7 அங்குலம் எழும்படி செய்து, அவ்விரு துளைகளிலேயே இறுக்கினார்.

முதற்பலகை பாதியில் நின்றுவிட்டது. இரும்பு வாளின் நேரில் இல்லை. நூலிழை அளவு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. நேர்விளிம்புள்ள பலகைத் துண்டொன்றை வாளின் இருபுறத்திலும் மாறிமாறி வைத்துப் பார்த்து, மெல்லிய தகரத்துண்டை அடைகொடுத்து நேராக்க அரைநாள் சென்றது. மேலும் அது வாளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி நின்றது. அவ்விடைவெளியிலேயே பலகை கவ்வத் தொடங்கிற்று. கொல்லர் துளைகளுக்கு நேரே நீள்துளை வெட்டி, பல்லுக்கு மிக அருகில் நகர்த்த வழி செய்தார். அதன்பின் அடுப்பில் உலர்ந்த அதே பலகைகளில் எஞ்சியவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளினோம். தள்ளியவர் பாஸண்ணே. வேண்டாம் என்று தந்தையார் தடுத்தும் அவர் கேட்கவில்லை. பலகையின் பாதிகள் இரும்பை இருபுறமும் இறுகப் பிடித்துக்கொண்டு நழுவிச் சென்றன, வாளைத் தொடவில்லை. எம் மரக்காலையில் அதற்கு 'இரும்பாப்பு' என்று பெயர் வழங்கலாயிற்று.

பிளக்கும் வேலைக்கு இவ்வாறு வழி பிறந்தது. ஓரம் நறுக்கும் வேலையில் வேறொரு தொல்லை. பச்சையான கருப்பந்தைலப் பலகையின் ஓரத்தை அரிந்தால், அரிந்த துண்டு உள்நோக்கி வளையாது, வெளிநோக்கி வில்லாக விரியும். நிற்கும் மரத்தின் வெளிப்பாகம் இழுவிசையிலும் நடுப்பாகம் அமுக்கத்திலும் இருப்பதே காரணம். எம் மேசையில் பலகையை வழிநடத்தும் அணை, வாளின் முன்னிருந்து பின்வரை நீண்டு கிடந்தது. விரியும் துண்டு அவ்வணையில் உதைத்து, தன்னையே வாளின் பக்கம் தள்ளிற்று. இரும்பாப்பு இருந்தும் சிலவேளை பலகை நடுங்கியது. இதற்குத் திருத்தம் கண்டவர் பாஸண்ணேயே. எதையும் கூட்டவில்லை, குறைத்தார். வாளின் முன்பற்களைச் சிறிது கடந்தவுடன் முடியுமாறு அணையை அரிந்து குறுக்கினார். அதற்கப்பால் துண்டு விரும்பியவாறு விரியலாம், முட்டுவதற்கு ஒன்றுமில்லை. நல்ல அணையைப் பாழாக்கிவிட்டார் என்று தந்தையார் ஒருநாள் முழுதும் வருந்தினார்.

பட்டையோடு வளைந்த ஓரமுள்ள பலகைக்கு அணையால் பயனில்லை. சார்வதற்கு நேரான விளிம்பு அதற்கு இல்லை. அதற்கென மேசையின் பள்ளத்தில் ஓடும் ஒரு தட்டுப்பலகை செய்து, அதன் முனைகளில் இரு முட்களை அறைந்து, பலகையை அதிற் குத்தி நிறுத்தித் தட்டையே தள்ளினோம். முதல் விளிம்பு நேராகிவிட்டால் மற்றையது எளிது. பலகையின் கடைசி முழத்தைக் கையால் தள்ளாது தள்ளுவதற்கு, நுனியில் வெட்டுள்ள கோல் ஒன்றும் வைத்தோம். வாளுக்கு மேல் தகரத்தால் ஒரு மூடியும் செய்தோம். அதனைப் பாஸண்ணே மூன்றாம் நாள் கழற்றிவிட்டார். கோடு தெரியவில்லையாம். அவ்விடயத்தில் அவரோடு எத்துணை வாதாடியும் யாம் வெல்லவில்லை.

தந்தையாருக்கு மற்றோர் ஆசை இருந்தது. ஓரடிக் கனமுள்ள மரத்தை அரையங்குலப் பலகைகளாக அரிந்தால் எம் வாளில் 17 பலகை கிடைத்தது. வெட்டுவாய் அரைக்கால் அங்குலமாகக் குறைந்தால் 19 கிடைக்கும். பட்டைவாளின் வெட்டுவாய் அதிலும் பாதி என்று கொண்டால் 21. எஞ்சிய நான்கு பலகையும் தூளாகிக் குளிக்கும் வெந்நீருக்கு அடுப்பெரிக்கின்றன என்று அடிக்கடி வருந்துவார். மெல்லிய வட்டவாள் ஒன்றை வாங்கவும் செய்தார். அது விளிம்பு சூடேறியவுடன் தளர்ந்து, கோட்டை விட்டு அலைந்தது. சம்மட்டியால் தட்டி அதன் இறுக்கத்தைச் சீர் செய்யும் கலைஞர் எம் பக்கத்தில் இல்லை. அது சுவரில் ஆணியிலே தொங்கிற்று.

1968இல் யாம் பேராதனையில் பொறியியல் பயிலச் சென்றோம். அங்கே நூலகத்தில் ஒருநாள், பிரித்தானியாவில் 1922இல் மரவேலை யந்திரங்களுக்கென இயற்றப்பட்ட ஒழுங்குவிதிகள் கண்ணிற் பட்டன. ஒவ்வொரு வட்டவாளின் பின்னும், அதற்கு நேரில், பிளவைத் திறந்து வைக்கும் கத்தியொன்று இருத்தல் வேண்டும் என்று அவை விதித்திருந்தன. மேசை மட்டத்தில் அதற்கும் பல்லுக்கும் இடையே அரையங்குலத்துக்கு மேல் இடைவெளி ஆகாது. முன்விளிம்பின் வளைவு வாளின் ஆரையை மிஞ்சலாகாது. வாள் 24 அங்குலமோ அதற்கு மேலோ ஆயின் கத்தி மேசைக்கு மேல் 9 அங்குலமேனும் நிற்க வேண்டும். யாம் மூவரும் ஒரு கொல்லரும் சேர்ந்து கண்டுபிடித்ததாக எண்ணிய பொருள், யாம் பிறப்பதற்கு முன்பே சட்டமாகியிருந்தது. அதிலும் எமது இரும்பாப்பு இரண்டங்குலம் குட்டை. இலங்கையிலும் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் ஆபத்தான யந்திரங்களுக்குக் காப்பு வேண்டும் என்றது. ஆனால் யந்திரம் ஏலத்தில் கைமாறும்போது அதன் இரும்புத்துண்டு ஒன்று குறைந்திருப்பதைச் சட்டம் வந்து எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்விடுமுறையிலேயே 9 அங்குலத்தில் வேறொன்று செய்து மாட்டினோம்.

அது பழைய மஸ்கெலியாவில் செய்த கடைசி வேலைகளுள் ஒன்று. 1969இல் மவுசாகலை அணை நிறைவெய்தி, பட்டினம் நீரில் அமிழ்ந்தது. கோவிலும் பள்ளிவாசலும் விகாரையும் கடைகளும் இருந்த இடம் ஏரியாயிற்று; மேட்டிலே புதிய மஸ்கெலியா எழுந்தது. யந்திரத்தைப் பெயர்த்து மேலே கொண்டு போனோம். அதனைத் தாங்கிய கொங்கிறீற்று மேடையைப் பெயர்க்க இயலவில்லை.

புதிய இடத்தில் ஈராண்டுகளாக அதிகம் அரிந்தவை பெட்டிப் பலகைகள். 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியாரும் செய்த உடன்படிக்கையின்படி, 5,25,000 பேர் இந்தியாவுக்குச் செல்ல வேண்டியவராயினர். மஸ்கெலியாத் தோட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் புறப்பட்டன. தலைமன்னாரில் கப்பலேறுமுன் பாத்திரங்களையும் துணிகளையும் சுவாமி படங்களையும் இட்டுச் செல்ல மரப்பெட்டி வேண்டும். மெல்லிய பலகையாக இருந்தால் சுமை குறையும் என்று எல்லோரும் பிளந்த பலகையே கேட்டனர். பாஸண்ணே ஒவ்வொரு பெட்டிக்கும் பலகை பிளந்தார். 1972இல் தமக்கும் பிளந்தார். அப்பலகைகளுக்குத் தந்தையார் விலை வாங்கவில்லை. புறப்படும் நாள் காலையில் அவர் மரக்காலைக்கு வந்து, வாளைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பல்லு தீட்டணும் தம்பி, மறந்துராதீங்க" என்றார்.

மறு ஆண்டு கூடலூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. யாரையோ கொண்டு எழுதுவித்தது. நீலகிரியில் மரம் அரியும் ஓரிடத்தில் வேலை கிடைத்திருப்பதாகவும், மழையும் குளிரும் நம்மூர் போலவே இருப்பதாகவும், பிள்ளைகள் பள்ளிக்குப் போவதாகவும் எழுதியிருந்தது. இறுதியில், இங்கேயும் வாளுக்குப் பின்னால் ஒன்றுமில்லை, இரண்டு விரல் எங்கே என்று கேட்கிறார்கள், சொன்னால் சிரிக்கிறார்கள், 30 அங்குல வாளுக்கு இரும்பாப்பின் வளைவை வரைந்து அனுப்பவும், என்றிருந்தது.

தடித்த தாளில் 15 அங்குல ஆரையில் வளைவு கீறி, 9 அங்குல உயரமும் துளைகளின் இடமும் குறித்து, கத்தரியால் வெட்டி, உருளையாகச் சுற்றி அனுப்பினோம். கனத்தை மட்டும் எம்மால் கூற இயலவில்லை. அவ்வாளின் தகட்டையும் வெட்டுவாயையும் அங்கேயே அளந்து, இரண்டுக்கும் இடைப்பட்டதாகத் தேர்ந்துகொள்ளும்படி எழுதினோம். எழுதும்போது எம் பழைய ஆசிரியரின் நினைவு வந்தது. அவ்வாண்டே கல்லூரிக்குச் சென்று அவரைக் கண்டோம். ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தார். அவ்வினாவை அவர் நினைவிற் கொண்டிருக்கவில்லை. நடந்தது முழுவதையும் கூறினோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, அந்த மனிதர் இப்போது நலமா என்று மட்டும் கேட்டார்.

ஆறு மாதங்கழித்துக் கூடலூரிலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. இரும்பாப்பு மாட்டியாயிற்று, முதலாளி முதலில் முகஞ்சுளித்தார், இப்போது ஒன்றும் சொல்வதில்லை, அணையையும் குறுக்கிவிட்டேன், என்று அதில் எழுதியிருந்தது.

தந்தையாருக்குப் பின் எம் மரக்காலை மூடப்பட்டது, யந்திரம் விலைப்பட்டது. விற்கும்போது இரும்பாப்பை நான்கு மரையாணிகளால் இறுக்கி, கழற்ற வேண்டாம் என்று சட்டத்தில் வர்ணத்தால் எழுதிக் கொடுத்தோம். மழை பொய்த்த ஆண்டுகளில் மவுசாகலை நீர் வற்றிப் பழைய பட்டினத்தின் சுவர்கள் வெளிப்படும். அவ்வாறான ஒரு பருவத்தில் யாம் இறங்கிச் சென்றோம். சேறு வெடித்துக் கிடந்தது. கோவிலின் இடிபாட்டிலிருந்து ஓயாவை நோக்கி நடந்து, மரக்காலை இருந்த இடத்தைக் கண்டோம். கொங்கிறீற்று மேடை அப்படியே இருந்தது. யந்திரத்தை இறுக்கிய நான்கு ஆணிகளும் துருவேறி நின்றன. வாள் முன் நிற்பவரின் இடத்தில் நின்று பார்த்தோம். பின்னர் சுற்றி வந்து, ஆப்பு செருகுவோனின் இடத்தில் நின்றோம். அங்கிருந்து மேடையின் விளிம்பு வரை மூன்றடிதான் இருந்தது.